ஒன்பதாவது இடம்

இசைப் பத்திரிகையின் ஆண்டு முடிவுப் பாடகர் தரவரிசையில் அக்காவுக்கு ஒன்பதாவது இடம். மேலே இருந்த எட்டுப் பேரும் ஆண்கள். அதைக்கூடத் தங்கை விட்டுவிடுவாள். கீழே விமர்சகர் எழுதியிருந்த வரிகள்தான் உறுத்தின: 'குரலில் இனிமை உண்டு, ஆழம் இல்லை. இசையமைப்பாளர் கைகொடுத்துக் கரைசேர்த்திருக்கிறார்.'

அக்கா அதை அப்படியே நம்பிவிட்டாள். காலையிலிருந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குரலை அடித்தொண்டைக்கு இறக்கிப் பாடிக்கொண்டிருந்தாள்.

"பழையபடி பாடுக்கா. சளி பிடிச்ச ஆள் யாரோ உள்ள இருக்கிற மாதிரி இருக்கு."

"வாய மூடுடி. ரெக்கார்டிங்க தள்ளி வைக்கச் சொல்லிட்டேன். ஆழம் வந்தாத்தான் இனிமே மைக் முன்னாடி நிப்பேன்."

அக்காவின் மின்னஞ்சல்களைப் பார்த்துக்கொள்பவள் தங்கைதான். அந்த விமர்சகர் அக்காவின் ஆல்பத்தை முழுதாகக் கேட்டிருப்பாரா? சந்தேகத்தோடு, அவருக்கு அனுப்பிய லிங்கைத் திறந்தாள். கிதார் வந்தது, டிரம்ஸ் வந்தது. அக்கா வரவில்லை. அடுத்த பாட்டிலும் வரவில்லை. மேடையில் அக்கா பாடும்போது பின்னால் ஓடவிடுகிற, குரல் நீக்கிய பிரதியை அல்லவா அனுப்பித் தொலைத்திருக்கிறாள்!

சொன்னால் அக்கா கொன்றுவிடுவாள். சொல்லாவிட்டால் சளி பிடித்த ஆள் நிரந்தரமாகக் குடிவந்துவிடுவான்.

அக்காவை இழுத்து வந்து உட்காரவைத்து, விமர்சகருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"சார், நான் அனுப்பின ஆல்பம் சரியா கேட்டுச்சா?"

"தாராளமா! ரெண்டு தடவை கேட்டேன்மா."

"அக்கா குரல் தெளிவா இருந்துச்சா சார்?"

"தெளிவுக்குக் குறைச்சலே இல்ல. சோகப் பாட்டுலதான் அழுகை கொஞ்சம் ஓவர். பொண்ணுங்க பாடினா அப்படித்தான்... தப்பா எடுத்துக்காதம்மா."

"ஐயோ, இல்ல சார். ரொம்ப நன்றி."

போனை வைத்துவிட்டு அக்காவுக்கு ஹெட்போனை மாட்டினாள். "அவருக்குப் போனது இதான். தப்பு என்னோடதுதான்கா. முதல்ல கேளு, அப்புறம் திட்டு."

அக்கா கேட்டாள். இரண்டாவது பாட்டைத் தட்டினாள், மூன்றாவதையும். பிறகு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"ரெக்கார்டிங் நாளைக்கே வச்சுக்கலாம்னு சொல்லிடுடி" என்றாள், தன் பழைய குரலில்.

சட்டென்று சிரிப்பு நின்றது. எதிர்ச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த போன வருடப் பக்கத்தைப் பார்த்தாள். மூன்றாவது இடம். 'உயிரை உருக்கும் குரல்.' எழுதியவர் இதே விமர்சகர்.

"ஏய், போன வருஷம் எத அனுப்பின?"

"சரியானதத்தான்கா அனுப்பினேன்."

"நீ அனுப்பின, சரி. அந்த ஆளு கேட்டானா?"

அக்கா நாற்காலியை அந்தச் சட்டத்துக்குக் கீழே இழுத்துப்போட்டு, அதைக் கழற்ற ஏறினாள்.