மட்டன் ஸ்டூவுக்கு ஒரு கையெழுத்து

புரிண்டா என்ற எங்கள் சின்ன ஊரில் கஷ்டத்துக்குப் பஞ்சமே கிடையாது. மூன்று வருடமாக மழை இல்லை. இருந்த ஒரே வங்கியையும் மூடிவிட்டார்கள். டாக்டர் மாதத்துக்கு ஒருமுறை வருகிறார், அதுவும் காருக்குப் பெட்ரோல் போட. ஆனால் "எனக்குக் கஷ்டம்" என்று வாயைத் திறந்து சொல்ல இந்த ஊரில் ஒருவர் கிடையாது. "நான் நல்லாத்தான் இருக்கேன், என்னைவிட மோசமா இருக்கறவங்களுக்குக் குடுங்க" என்பதை எங்கள் ஊர்க் குழந்தைகள் பல் முளைக்கும் முன்பே கற்றுக்கொள்கின்றன என்று நினைக்கிறேன்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு உதவிச் சங்கத்துக்கு, நெவில் என்ற நான், செயலாளர். என் தலையெழுத்து.

புரிண்டா ஆறுதல் சங்கத்தை 1931இல் ஆரம்பித்தவர் ஆக்னஸ் டட்டில் என்ற விதவை. சங்கத்தின் நோக்கம் ஒரே வரி: துயரம் வந்த வீட்டுக்கு மூன்று நாள் சூடான சாப்பாடு கொண்டுபோக வேண்டும். அந்த அம்மாவுக்குக் கமிட்டிகள் மேல் நம்பிக்கை கிடையாது. கூடி உட்கார்ந்து டீ குடிப்பதற்கு ஒரு சங்கமா என்று கேட்டு, இரண்டு விதிகளை எழுதிவைத்துவிட்டுப் போனார். எந்த வருடத்தில், சங்கத்தின் கணக்கு முடியும் ஜூன் முப்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்குள், ஒருவராவது கையெழுத்துப் போட்டுச் சாப்பாடு வாங்கவில்லையோ, அந்த வருடத்தோடு சங்கம் கலைந்துவிடும், மண்டபம் டென்னிஸ் கிளப்புக்குப் போய்விடும். இது முதல் விதி. சாப்பாடு வாங்கியவர் மூன்று வருடம் சங்கத்தில் எந்தப் பதவியிலும் இருக்கக்கூடாது என்பது இரண்டாவது. முதல் பொருளாளர் 1932 முழுக்கத் தன்னையே துயரப்பட்டவராக அறிவித்துக்கொண்டு மூன்று வேளையும் சாப்பிட்டதால் வந்த விதி அது.

இதற்குமுன் ஆறு தலைவர்கள். மண்டபச் சுவரில் வரிசையாகப் படங்களாகத் தொங்குகிறார்கள், ஆறு பேரும் எலுமிச்சம்பழத்தைக் கடித்த முகத்தோடு. ஏழாவது ஐரிஸ் கேட்போல். இருபத்திரண்டு வருடமாகத் தலைவி. தேர்தலில் யாரும் எதிர்த்து நின்றதில்லை. அவள் கார் ஓட்டுவதைப் பார்த்தவர்களுக்கு அவளை எதிர்க்கத் துணிச்சல் வராது.

ஒவ்வொரு வருடமும் எப்படியாவது கெஞ்சி ஒரு கையெழுத்து வாங்கிவிடுவோம். இந்த வருடம் ஜூன் முப்பது பிற்பகல் இரண்டு மணிவரை ஒன்றுகூட விழவில்லை. டென்னிஸ் கிளப்பில் மொத்தமே இரண்டு உறுப்பினர்கள்தான். அந்த இரண்டு பேரும் காலையிலேயே வந்து எங்கள் மண்டபத்து ஜன்னல்களைத் திரைச்சீலைக்கு அளந்துகொண்டிருந்தார்கள். வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். நவம்பரில் என் மனைவி ஜோன் இறந்தபிறகு, புதன்கிழமை கமிட்டிக் கூட்டத்துக்காக மட்டும்தான் நான் முகச்சவரம் செய்துகொள்கிறேன். சங்கம் போனால் புதன்கிழமையும் போய்விடும். மிச்சம் ஆறு நாளைக்கு ஏற்கனவே என்னிடம் ஒரு வேலையும் இல்லை.

"ஏறு நெவ்," என்றாள் ஐரிஸ், கார்க் கதவைத் திறந்து. "இன்னிக்கு ஒருத்தன் வாயிலயாவது இத ஊத்தாம விடமாட்டேன்."

மட்டன் ஸ்டூ நிறைந்த பெரிய இரும்புச் சட்டியைத் துண்டில் சுற்றி என் மடியில் வைத்தாள். துண்டு போதவில்லை. தொடை வெந்தது. "நல்லாத்தான் இருக்கு," என்றேன். நானும் இந்த ஊர்க்காரன்தானே.

முதலில் டக் ஹென்னெசி வீடு. போன வாரம் மழையில்லாமல் அடித்த காற்றுப் புயலில் அவன் வீட்டுக் கூரை முழுசாகப் பறந்து பக்கத்துப் பண்ணையில் விழுந்திருந்தது. டக் கூடத்தில் வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தான்.

"கூரைதானே போச்சு? நாலு சுவரும் நிக்குது பாரு," என்றான். "வெளிச்சமும் நல்லா வருது. என்கிட்ட எதுக்கு வந்தீங்க? ஈனிட் ஷிர்மர் ஏணியிலேந்து விழுந்து கிடக்கா. அவளப் போய்ப் பாருங்க."

ஈனிட்டுக்கு இரண்டு கையிலும் தோள்வரை மாவுக்கட்டு. காலை மேசை மேல் தூக்கி வைத்து, கட்டைவிரலால் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"கைதான் கண்ணு ஒடஞ்சிருக்கு. கால் ரெண்டும் கல்லு மாதிரி இருக்கே," என்றாள். "எங்கக்கா வந்து ஊட்டிவிடறா. அது ஒண்ணுதான் வேதனை, ரொம்பப் பேசறா. நீங்க கோலின் பாஸ்கோவப் பாருங்க. பாவம், அவனுக்கு வீட்டையே காணோமாம்."

"வீட்டக் காணோமா?" என்றேன்.

"ஆமா. காலையில இருந்துச்சாம்."

நான் நம்பவில்லை. போய்ப் பார்த்தால் உண்மைதான். எங்கள் பக்கத்து மரவீடுகளை அப்படியே தூக்கி லாரியில் ஏற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோவது வழக்கம். யாரோ வாங்கிய வீட்டை எடுக்க வந்தவர்கள், தெருப்பெயரைச் சரியாகப் படித்துவிட்டு எண்ணைத் தப்பாகப் படித்து, கோலின் முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்த முக்கால் மணி நேரத்தில் அவன் வீட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வாசலின் நாலு படிக்கட்டும் குளியல் தொட்டியும் மட்டும் மிச்சம். கோலின் மேல்படியில் உட்கார்ந்திருந்தான். கீழே சுள்ளி மூட்டிக் கெட்டிலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. முடியை நன்றாகத்தான் வெட்டியிருந்தார்கள்.

"வாங்க, டீ குடிங்க," என்றான். "செருப்பக் கழட்ட வேணாம்."

மணி நாலே கால். ஐரிஸ் படிவத்தை நீட்டினாள். கோலின் அதைத் தொடவே இல்லை.

"ஐயோ, எனக்கு எதுக்கு? நான் நல்லாத்தான் இருக்கேன்."

"கோலின், உனக்கு வீடே இல்ல!" என்றேன்.

"வீடு இருக்கு. எங்கயோ ரோட்டுல போயிட்டு இருக்கு. இங்க இல்ல, அவ்வளவுதான். என்னைவிட மோசமா இருக்கறவங்களுக்குக் குடுங்க."

எனக்குப் பொறுமை போய்விட்டது. வெந்த தொடை வேறு எரிந்தது. "உன்னைவிட மோசமா இந்த ஊர்ல எவன்டா இருக்கான்? ஒரு பேரு சொல்லு பாக்கலாம்!" என்று கத்தினேன்.

கோலின் யோசிக்கவே இல்லை. ஐரிஸைப் பார்த்து, "நெவில்கிட்ட குடு," என்றான்.

"டேய், நான் இங்கதான் நிக்கிறேன்."

"தெரியும். அதான் அவகிட்ட சொல்றேன். உன்கிட்ட சொன்னா நீ சண்டைக்கு வருவ."

"எனக்கு என்ன கேடு? கூரை இருக்கு, கை இருக்கு, வீடு இருக்கு!"

"எல்லாம் இருக்குப்பா. ஏழு மாசமா உன் வீட்டுப் புகைபோக்கியில புகை வரல. ஊரே பாக்குது. கடையில பிஸ்கட்டும் டப்பா பீன்ஸும் வாங்கற, அதையும் சூடு பண்றதில்லன்னு நினைக்கிறேன். என்னப் பாரு, வீடில்லாமலே தண்ணி கொதிக்க வச்சிருக்கேன்."

நான் ஐரிஸைப் பார்த்தேன். அவள் என்னை அதட்டுவாள், அவனை அதட்டுவாள், யாரையாவது அதட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கையில் இருந்த படிவத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நவம்பர்ல முதல்ல உன் வீட்டுக்குத்தான் வந்தேன் நெவ்," என்றாள். "ஜோன அடக்கம் பண்ணின மறுநாள். கதவப் பாதி திறந்து, இத டக் வீட்டுக்குக் கொண்டுபோன்னு சொன்ன. அன்னிக்கு டக் வீட்டுக் கூரை நல்லாத்தான் இருந்துச்சு."

அது உண்மை. 'உறுப்பினர் ஒருவர் மறுத்துவிட்டார்' என்று கூட்டக் குறிப்பில் என் கையாலேயே எழுதி, கீழே கோடும் போட்டிருக்கிறேன்.

"என்னைவிட மோசமா..." என்று ஆரம்பித்தேன். அடுத்து ஒரு பெயர் வரவேண்டும். அறுபத்தெட்டு வருடமாக வந்திருக்கிறது. தெருத் தெருவாக ஊரை நினைத்துப் பார்த்தேன். டக்குக்கு இரண்டு மகன்கள், ஞாயிற்றுக்கிழமை கூரைத் தகரத்தோடு வருகிறார்கள். ஈனிட்டுக்கு அக்கா. பாதிரியாருக்கு மூட்டுவலிதான். கறிக்கடைக்காரர் மனைவி ஓடிப்போய்விட்டாள், ஆனால் அதற்குப் பிறகு அவர் பாட்டுப் பாடிக்கொண்டே கறி வெட்டுகிறார். டென்னிஸ் கிளப்பில்கூட இரண்டு பேர் இருக்கிறார்கள். மனசாலேயே கல்லறைத் தோட்டத்து ரோடுவரை போய்ப் பார்த்தேன். என் வீட்டுக்கு அப்புறம் சொல்ல ஒரு வீடு இல்லை.

நாலு ஐம்பது.

"கையெழுத்துப் போட்டா நான் செயலாளரா இருக்க முடியாது ஐரிஸ். மூணு வருஷம்," என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை. "அப்புறம் புதன்கிழமை நான் எங்க போவேன்?"

"எங்கயும் போகவேணாம். நாங்க வருவோம்."

"விதிப்படி மூணு நாள்தான்."

"விதி எனக்குத் தெரியும். நான் வருவேன்."

பேனா என் சட்டைப்பையில்தான் இருந்தது. படிவத்தை நான்தான் தட்டச்சு செய்திருந்தேன். 'துயரத்தின் தன்மை' என்ற இடத்தில் புயல், விபத்து, வீடு காணாமல் போதல் என்றெல்லாம் யோசித்துப் பார்த்து, கடைசியில் 'ஜோன்' என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டேன். நாலு ஐம்பத்திரண்டு. ஐரிஸ் அதைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுப் பூட்டிவிட்டுக் கோலினிடம் திரும்பினாள்.

"செயலாளர் பதவி காலி. நீதான்."

"எனக்கு வீடே இல்லையே!"

"அதான். நிறைய நேரம் இருக்கும்."

என்னைப் படிக்கட்டில் உட்கார வைத்துத் தட்டில் ஸ்டூ ஊற்றினாள். உப்பு அள்ளிக் கொட்டியிருந்தாள். கேரட் வேகவில்லை. இருபத்திரண்டு வருடமாக ஊரில் முக்கால்வாசிப் பேர் இதை மறுத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் சூடாக இருந்தது. நான் குனிந்தபடியே சாப்பிட்டேன். கண்ணீர் தட்டுக்குள் விழுந்தது. அந்த உப்புக்கு மேல் அது ஒன்றும் தெரியவில்லை. இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தட்டு காலியானதும் ஐரிஸிடம் நீட்டினேன்.

"இன்னும் கொஞ்சம் குடு," என்றேன்.

அவள் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். சங்கத்தின் வரலாற்றில் யாரும் கேட்டதில்லை. கேட்டால் என்ன செய்வது என்று ஆக்னஸ் டட்டில் எழுதி வைக்கவும் இல்லை.