கழுத்துக்குக் கீழே

கேமராவின் லென்ஸ் தானாக முன்னால் நீண்டது. சின்ன மோட்டார் சத்தம். பிறகு உள்ளே போனது. மாதவன் அதைத் தொடவில்லை. சுவரோரமாகக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

டென்மார்க்கில் இருந்த ஒருவன் அதை நகர்த்திக்கொண்டிருந்தான்.

வேலம்பாளையத்தில் ஈஸ்வரமூர்த்தியின் பனியன் கம்பெனி. அதன் சாம்பிள் அறையில் படம் எடுப்பது மாதவனின் வேலை. அவன் மனைவி நாகஜோதி தைத்த துணியில் பழுது பார்க்கும் செக்கிங்கில் இருந்தாள். துணி வாங்கும் டென்மார்க் பையர் கேட்கும் மீடியம் அளவு அவள் உடம்புக்கு அப்படியே பொருந்தியது. சாம்பிள் தைத்து முடிந்ததும் அவளைக் கூப்பிடுவார்கள். அதைப் போட்டுக்கொண்டு வெள்ளைத் திரைக்கு முன்னால் நிற்பாள். மாதவன் எடுப்பான். கழுத்துக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே. முகம் வராது. அது அவன் வைத்த ஏற்பாடு. "அசையாத" என்று மட்டும் சொல்வான்.

மூன்று வருடமாக அந்தப் படங்களுக்குப் பையரிடமிருந்து ஒரே மாதிரி மெயில் வந்தது. தோள் ஏறி நிற்கிறது, சரி செய்யவும். பேட்டர்ன் மாஸ்டர் தோளை இறக்கி வெட்டினார். அடுத்த படத்திலும் ஏறி நின்றது.

கடைசியில் பையர் ஆபீசிலிருந்து ஒரு சாப்ட்வேரும், முக்காலியில் கேமராவைத் திருப்பும் ஒரு மோட்டாரும் அனுப்பினார்கள். கேமராவை ஒயரில் கம்ப்யூட்டரோடு இணைத்துவிட வேண்டும். அந்தக் கம்ப்யூட்டரை இன்டர்நெட் வழியாக அவர்கள் ஆள் அங்கிருந்தே இயக்குவான். பார்ப்பது, நெருங்குவது, விலகுவது, எடுப்பது எல்லாம் அவன் கை.

"இனி உங்களுக்கு ரெஸ்ட்டுதானுங்கண்ணா" என்றாள் அனுப்பிரியா. ஈஸ்வரமூர்த்தியின் அண்ணன் மகள். பையரோடு பேசி ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர். "லைட்ட மட்டும் பாத்துக்கங்க."

கம்ப்யூட்டர் திரையில் அம்புக்குறி தானாக ஊர்ந்தது. டென்மார்க்காரன் எழுதுவதைப் படித்து அவள் தமிழில் சொன்னாள்.

"கையத் தூக்கச் சொல்றாருங்க அக்கா. போதுமாங்க. அப்படியே கேமராவப் பாத்துத் திரும்பி நில்லுங்க."

நாகஜோதி திரும்பினாள். லென்ஸ் அவளை நோக்கி நீண்டது. கழுத்துப் பட்டியில் நின்றது. இடது தோளுக்குப் போனதும் கிளிக். பிறகு மொத்தமாக உள்ளே இழுத்துக்கொண்டது. கம்ப்யூட்டர் திரையில் அவள் தாடை வந்தது. வாய் வந்தது. கண்கள் வந்தன.

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கிளிக்.

"மூஞ்சி எதுக்கு?" என்றான் மாதவன்.

"தலையில மாட்டறப்ப கழுத்து எவ்வளவு விரியுதுன்னு பாக்கணுமாங்க. கழட்டிப் போடச் சொல்வாருங்க, மேலாலதான்." நாகஜோதி உள்ளே ஒரு டி-ஷர்ட் போட்டிருந்தாள். சாம்பிளைக் கழற்றி மறுபடி மாட்டினாள். முடி கலைந்தது. காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு லென்ஸைப் பார்த்தாள். மறுபடியும் சிரிப்பு.

சாயங்காலம் வீட்டில் அவள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னத்துக்குச் சிரிச்ச?"

"எப்ப?"

"அவன் எடுக்கையில."

அவள் கத்தியை நிறுத்தி யோசித்தாள். "சிரிச்சனா?"

"ரெண்டு தடவ."

"தெரியலயே" என்றாள். மறுபடி நறுக்கினாள்.

மறுநாள் அவன் சீக்கிரம் போய்ப் பழைய படங்களைத் திறந்து பார்த்தான். நைட்டி, போலோ, முழுக்கை, அரைக்கை. கழுத்துகள். எதிலும் அவள் வாய் இல்லை. தான் எடுத்தபோது அவள் சிரித்தாளா என்று அவனுக்கு நினைவில்லை. அவன் தையலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

டீக்கடையில் அயர்ன் மாஸ்டர் ஆரோக்கியராஜ் இருந்தான். தென்காசிப் பக்கத்துக்காரன். "என்ன மாப்ள, டென்மார்க்குல இருந்துகிட்டே ஒருத்தன் உன் பொண்டாட்டியப் படம் புடிக்கானாமே."

மாதவன் டீயை ஊதினான்.

"நீ பக்கத்துல நின்னு வெளக்குப் புடிக்கியாமே."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாதவன் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தான்.

செக்கிங் மேசைக்குப் போனான். "இன்னைக்கு நீ அங்கிட்டு வர வேணாம்."

"ஏன்?"

"வேணாம்."

இங்கே மத்தியானம் ஆனபோது டென்மார்க்கில் ஆபீஸ் திறந்தது. வெள்ளைத் திரைக்கு முன்னால் தலையில்லாத பொம்மை, டம்மி, நின்றது. சாம்பிளை அதற்கு மாட்டியிருந்தான். அனுப்பிரியா ஏதோ கேட்க வந்தாள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

லென்ஸ் நீண்டது. கழுத்துப் பட்டி. இடது தோள். கிளிக். பிறகு உள்ளே இழுத்துக்கொண்டது. நேற்று முகம் இருந்த இடத்தில் துணி சுற்றிய கழுத்துக் கட்டை தெரிந்தது. அங்கேயும் அதே அளவு நேரம் நின்றது. கிளிக்.

அந்த டென்மார்க்காரன் நேற்று அவளைப் பார்க்கவே இல்லை. மாதவனுக்கு மூச்சு இறங்கியது. ஆனால் உடனே வேறொன்று ஏறியது. அப்படியானால் அவள் யாரைப் பார்த்துச் சிரித்தாள்?

"நேத்து நின்னவங்களே வேணுங்கறாரு" என்றாள் அனுப்பிரியா. "நேத்துத்தான் தோளு சரியா உக்காந்துதாமா. மொத மொறையாங்க. டம்மிய வெச்சு ஓகே பண்ண முடியாதுங்கறாரு."

ஈஸ்வரமூர்த்தி வந்துவிட்டார். "ஏனுங்க மாதவன், டம்மிக்கு யாருங்க போடச் சொன்னது?"

"அவளுக்கு மேலுக்குச் சரியில்லீங்க."

"இப்பத்தான் செக்கிங்ல பாத்துட்டு வாரேன். புள்ள சிரிச்சுப் பேசிக்கிட்டு நல்லாத்தான இருக்குது?" அவர் டம்மியின் தோளைத் தட்டினார். "கூப்புடுங்க. அவன் ஓகே சொன்னாத்தானுங்க கட்டிங் போட முடியும்."

நாகஜோதி வந்தாள். அவனைப் பார்க்காமல் சாம்பிளை மாட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் நின்றாள். லென்ஸ் அசைந்தது.

மாதவன் சுவரை விட்டு நகர்ந்தான். முக்காலிக்குப் பின்னால், தன் பழைய இடத்தில் போய் நின்றான். அவள் எதைப் பார்க்கிறாள் என்று அங்கிருந்து தெரியும்.

அவள் வாய் மூடியது. கைகள் தொடையோடு ஒட்டின.

லென்ஸ் இடது தோளில் நின்றது. எடுக்கவில்லை. வலது தோளுக்குப் போனது. திரும்பி வந்தது.

"தோளு ஏறுதுங்கறாரு" என்றாள் அனுப்பிரியா. "அக்கா, நேத்து மாதிரி சும்மா நில்லுங்க."

"சும்மாத்தான் நிக்கேன்."

"இல்லீங்க, ஏறித்தான் இருக்குது. எனக்கே தெரியுது."

"ஏன் தோளத் தூக்குற?" என்றான் மாதவன்.

நாகஜோதி கேமராவுக்கு மேலே அவன் முகத்தைப் பார்த்தாள். கோபமாகச் சொல்லவில்லை.

"நீங்க அங்கிட்டு நின்னா அசையக் கூடாதுன்னு தோணுது."

அனுப்பிரியா கீபோர்டைப் பார்த்தாள். ஈஸ்வரமூர்த்தி செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அது அடிக்கவில்லை.

"அண்ணா" என்றாள் அனுப்பிரியா மெல்ல. "கொஞ்சம் வெளிய நின்னுக்கறீங்களா."

மாதவன் வெளியே வந்து கதவைச் சாத்தினான். கதவில் கண்ணாடி இருந்தது. உள்ளே துணி வெட்ட அளவு வரைந்த பழைய லே-அவுட் தாள் ஒட்டி மறைத்திருந்தார்கள். கட்டிங் டேபிளில் துணி விரித்துக் காத்திருந்தவர்கள் அவனைப் பார்த்தார்கள்.

உள்ளே மோட்டார் சத்தம் கேட்டது. லென்ஸ் உள்ளே போகிறது. இப்போது தாடை வரும். வாய் வரும்.

தாளின் ஓரம் ஒரு இடத்தில் பிரிந்திருந்தது. அவன் அதில் கண்ணை வைத்தான். அவள் தோள் தெரிந்தது. இறங்கியிருந்தது. முகம் தாளின் மறைவில் இருந்தது.

கிளிக்.