கதவருகே கேட்ட மூச்சு

…வரக்கூடாத நேரத்தில்தான் வருகிறது பார், ராத்திரி முழுக்கக் கெஞ்சிக் கூப்பிட்டாலும் எட்டிப் பார்க்காத தூக்கம், பட்டப்பகலில், ஓடுகிற பேருந்தில், அவர் இமைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது, ஆனால் பகலில் கண்ணை மூடக்கூடாது, டாக்டரம்மா இன்றும் அதைத்தான் அழுத்திச் சொன்னார். “தூக்கத்தைத் துரத்திக்கிட்டு ஓடாதீங்க. வரலைன்னா எழுந்து நாற்காலியில உட்காருங்க, கண்ணு சொருகினா மட்டும் படுங்க, கடிகாரத்தைப் பார்க்காதீங்க.” முதலில் கேட்டபோது சிரிப்புதான் வந்தது, இதற்கா பஸ் பிடித்து வந்தோம் என்று, ஆனாலும் வீட்டுக்குப் போய் டாக்டரம்மா சொன்னபடியே செய்தார், சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அலமாரிக்குள் வைத்தார், கழற்றிய இடத்தில் வட்டமாக ஒரு வெள்ளை, அதையும் சில நாள் மணி பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்… வேறு என்ன வழி, வேலை போய்விடுமே. அவர் பார்ப்பது லிப்ட் மெக்கானிக் வேலை, கண் அசந்தால் அவ்வளவுதான், லிப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று கயிற்றுக்கு எண்ணெய் போடும்போது ஒரு நொடி, ஒரே நொடி, தலை சாய்ந்தது, கூட நின்றவன் சட்டையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும். சூப்பர்வைசர் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. “நல்லா தூங்கி எழுந்து வாங்க, அப்புறம் மேல ஏறலாம்” என்று ஸ்டோர் ரூமில் உட்காரவைத்துவிட்டார், அங்கே திருகாணி பிரித்துப் போடும் வேலை… பைக் ஓட்டவும் தடை, அதனால்தான் துணைக்கு மகள், மடியில் பையை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், இவ்வளவு பெரிய பெண்ணாக எப்போது ஆனாள், தோள் அவர் தோளுக்கு வந்துவிட்டது.

அப்போது அவளுக்கு எவ்வளவு சின்ன உடம்பு, கட்டில் ஆடும் சத்தத்தில்தான் தெரியும், தூக்கத்தில் வலிப்பு, கை கால் விறைத்து, கண் மேலே சொருகி, ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு அது நிற்கும்வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் செய்ய முடியும், காத்திருக்க. அவரும் மனைவியும் முறை வைத்துக்கொண்டு விழித்தார்கள். பிறகு மருந்து கேட்டது, வலிப்பு நின்றது, சில வருஷம் கழித்து இனி மருந்தே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள், அன்று ராத்திரி மனைவி அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள், அன்றிலிருந்து அப்படித்தான், அவருக்கு மட்டும் யாரும் முறை முடிந்தது என்று சொல்லவில்லையா… சொன்னார்கள், காதுதான் கேட்கவில்லை. மகளுக்குத் தனி அறை வந்த பிறகும் எழுந்து போவார், கதவருகே நிற்பார், மூச்சு சீராக வருகிறதா, வருகிறது, திரும்பி வந்து படுப்பார், ஒருவேளை இப்போது… மறுபடி எழுந்திருப்பார். இந்த வாரம்தான் அது குறைந்திருக்கிறது, நேற்று படுத்தது தெரியும், விடிந்தது தெரியும், நடுவில் ஒன்றும் இல்லை, அந்த ஒன்றுமில்லாததை நினைத்துத்தான் காலையிலிருந்து மனசு லேசாக…

“நேத்து நீங்க எழுந்திரிக்கவே இல்லப்பா” என்றாள் மகள்.

ஆமாம் என்று தலையாட்டியவர் பாதியில் நிறுத்தினார். “உனக்கு எப்படித் தெரியும்?”

அவள் பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். “முழிச்சிட்டுதான் இருந்தேன். நீங்க கதவுகிட்ட வந்து நிப்பீங்கல்ல, அப்ப தூங்குற மாதிரி மூச்சு விடுவேன். இழுத்து, மெதுவா. அப்பத்தான் நீங்க போவீங்க. நேத்து வருவீங்க வருவீங்கன்னு பார்த்தேன்.”

“எப்பலேர்ந்து?”

“தெரியலப்பா. ரொம்ப நாளா.”

பேருந்து ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது, யாரோ முணுமுணுத்தார்கள், ரொம்ப நாள் என்றால் எத்தனை ராத்திரி, அப்பாடா என்று திரும்பிப் போன ஒவ்வொரு முறையும் கதவுக்கு அந்தப் பக்கம் இவள் கண்ணை மூடிக்கொண்டு, விழித்துக்கொண்டு, அவருக்காக… அவர் காவல் காத்ததாக நினைத்தாரே, எதை. திட்டலாமா, மன்னிப்புக் கேட்கலாமா, அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்கலாமா, ஒன்றும் கேட்காமல் அவள் கையிலிருந்த பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“நீ தூங்கு. இறங்குற இடம் வந்தா எழுப்புறேன்.”

“பகல்ல நீங்களும் தூங்கக்கூடாது.”

“தூங்கலம்மா.”

கொஞ்ச நேரத்தில் அவள் தலை அவர் தோளில் சாய்ந்தது, மூச்சு நீண்டது, இழுத்து, மெதுவாக, இத்தனை வருஷம் கேட்டுப் பழகிய அதே மூச்சு, எந்தச் சுருதி நிஜம் எந்தச் சுருதி தனக்காக என்று அவருக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, குனிந்து முகத்தைப் பார்த்தால் ஒருவேளை தெரிந்துவிடும்… கழுத்து தானாகத் திரும்பப் போனது, அதைத் தடுத்து, எதிர் இருக்கையின் கம்பியையே பார்த்துக்கொண்டு, அந்த மூச்சை நம்புவதற்கு முயன்றுகொண்டிருந்தார்.