கோப்பிக்கு முன்னால் நின்றவள்

நாகலெட்சுமி பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்தெடுப்பவள். அவள் குடியிருந்த லயத்து வீடுகளுக்குப் பின்னால் கிடந்த கல்லுக்காட்டைத் தானே கொத்தித் திருத்தி, கோப்பியும் தோடம்பழக் கன்றும் நட்டிருந்தாள். போன தடவை பக்கத்துத் தேயிலை மலைக்குக் களை சாகப் புல்லுமருந்து அடித்தபோது காற்று அதை இங்கே கொண்டுவந்து போட்டது. ஓரத்துக் கோப்பிக் கன்றுகள் குருத்து ஒடுங்கி, மஞ்சளித்துச் செத்தன. வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஜீவராஜிடம் போய்ச் சொன்னாள். "மழை கூடிப்போச்சு, அதான்" என்று முடித்துவிட்டார்.

இன்றைக்கு மறுபடியும் ஆட்கள் முதுகில் மருந்து டாங்கியோடு வந்தார்கள். காற்று திசை மாறி மாறி விசிறியடித்தது. முன்னால் வந்த அழகனுக்கு வாயில் கட்ட ஒரு துணிகூட இல்லை. நாகலெட்சுமி கூடையை இறக்கிவைத்துவிட்டு, தேயிலைக்கும் தன் கன்றுகளுக்கும் நடுவில் போய் நின்றாள்.

"தள்ளு. நேரமாகுது," என்றார் ஜீவராஜ்.

"காத்து அடங்கட்டுங்க. அப்புறம் அடிக்கட்டும்."

"இது தோட்டத்து நெலம். தெரியுமில்ல?"

"நெலம் தோட்டத்தோடது. கன்னு என்னோடது. தண்ணி சொமந்து ஊத்துனது நான்."

"இன்னைக்கு ஒனக்குப் பேரு கெடையாது."

ஒரு நாள் சம்பளம் போயிற்று. "போடாதீங்க," என்றாள். நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

ஜீவராஜ் திரும்பினார். "நீ அடிடா அழகன். அவ தானா ஓடுவா."

அழகன் குழாயைத் தூக்கினான். அவள் முந்தானையால் முகத்தைக்கூட மூடவில்லை.

"அடிங்கண்ணே. என் மேல படட்டும். ஆனா காத்து திருப்பி ஒங்க மூஞ்சிக்குத்தான் கொண்டுவரும். போன தடவ அடிச்சப்ப கண்ணு வீங்கி ஆஸ்பத்திரியில கெடந்தீங்களே, மறந்துருச்சா?"

அழகன் குழாயைத் தாழ்த்தினான். டாங்கியைக் கழற்றி ஜீவராஜின் சப்பாத்துக் காலுக்குப் பக்கத்தில் வைத்தான். "நீங்களே அடிங்க, ஐயா." மற்றவர்களும் இறக்கிவைத்தார்கள்.

பகல் கொழுந்து நிறுக்க வந்த பெண்களும் அங்கேயே நின்றுவிட்டார்கள். சேதி கேட்டு, தோட்டத்தை நடத்தும் தொரை மோட்டார் சைக்கிளில் வந்தார். முதலில் சத்தம் போட்டார். யாரும் கலையாததைப் பார்த்துக் குரலைத் தணித்தார்.

"சரி. லயத்து ஓரமா இனி மருந்து வேணாம், கையால புல்லு வெட்டுங்க. மத்த எடத்துலயும் காத்தில்லாதப்பதான்."

"கையொறை, மூக்குமூடி?" என்றான் அழகன்.

"பாக்குறேன்."

"பாக்குறேன்னா எப்பங்க?" என்று நாகலெட்சுமி கேட்டாள். அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். அன்றைய பேரும் அவளுக்குப் போடப்படவில்லை.

மறுநாள் காலைப் பெரட்டில், எல்லோரும் வேலைக்குக் கூடி நிற்கையில், ஜீவராஜ் மருந்தடிக்கிற ஆட்களைக் கூப்பிட்டார். அழகன் வெறும் கைகளை நீட்டிக் காட்டினான். "கையொறை வந்தா டாங்கியத் தூக்குறோம்." ஒருவரும் அசையவில்லை. ஜீவராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு அத்தனை பேரையும் புல்வெட்டுக்கு அனுப்பினார்.

"நானும் புல்லுக்குப் போறேங்க," என்று நாகலெட்சுமி சொன்னாள். அனுமதிக்குக் காத்திருக்காமல் கத்தியை எடுத்துக்கொண்டு, தன் கன்றுகள் நின்ற லயத்து ஓரத்துக்கு நடந்தாள்.