இரண்டாவது கட்டம்

அந்த விண்ணப்பத்தை நான் சுவரில் வைத்துத்தான் பூர்த்தி செய்தேன். பெஞ்சு இருந்தது, அதில் பெண்களைச் சேர்க்க வந்த டவுன்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். 1978 ஜூன் மாதம். அரியலூரில் அந்தப் பெண்கள் பள்ளியை அந்த வருடம்தான் மேல்நிலைப் பள்ளியாக உயர்த்தியிருந்தார்கள். பி.யு.சி. போய் பிளஸ் டூ வந்திருந்தது. பிளஸ் டூ என்றால் என்னவென்று எங்கள் ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு இருபத்து மூன்று வயது. பழைய பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். கீழப்பழுவூருக்கு இரண்டு மைல் தள்ளி, எங்கள் தெருவிலேயே பால்வாடி டீச்சர். தெருவில் யாருக்குத் தபால் வந்தாலும் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும், மனு எழுதவும் நான்தான். ஒருத்திக்குத் தலைக்கனம் ஏற இவ்வளவு போதாதா?

பக்கத்தில் தங்கை மலர்கொடி நின்றிருந்தாள். பத்தாம் வகுப்பில் ஐந்நூற்றுக்கு நானூற்று இருபத்தொன்று. ஏழாவது படிக்கும்போதே டாக்டராகணும் என்று அப்பாவிடம் சொன்னவள். அப்பா சுண்ணாம்புக்கல் குவாரியில் கல் உடைப்பவர். அவர் சிரிக்கவில்லை. "அதுக்கு என்ன பண்ணணும்னு அக்காவக் கேளு" என்றார். அம்மா இல்லாத வீட்டில் அன்றிலிருந்து அது என் பொறுப்பாகிவிட்டது.

விண்ணப்பத்தின் நடுவில் இரண்டு கட்டங்கள் போட்டிருந்தன. முதலாவது பொதுக்கல்வி, இரண்டாவது தொழிற்கல்வி. ஏதாவது ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். நான் யோசிக்கவே இல்லை. பொது என்ற சொல்லின்மேல் எனக்கு என்றைக்குமே நம்பிக்கை கிடையாது. எங்கள் ஊரில் பொதுக்கிணறு இருந்தது, நாங்கள் இறைக்க முடியாது. பொதுப்பாதை இருந்தது, செருப்புப் போட்டுக்கொண்டு நடக்க முடியாது. ஆனால் தொழிற்கல்வி என்ற சொல்லை நான் பேப்பரில் படித்திருக்கிறேன். 'மருத்துவம், பொறியியல் முதலிய தொழிற்கல்விப் படிப்புகளில் சேர' என்று வருடா வருடம் அறிவிப்பு வரும். ஒரு தடவை டீக்கடைக்காரரைக் கெஞ்சி அதைக் கிழித்துக்கூட வந்திருக்கிறேன். டாக்டர் படிப்பு தொழிற்கல்வி என்று அரசாங்கமே சொல்கிறது. இரண்டாவது கட்டத்தில் அழுத்தி டிக் அடித்து, கீழே அம்சவள்ளி என்று கையெழுத்தும் போட்டேன்.

வாங்கிக்கொண்ட கிளார்க், "தொழிற்கல்வியா? நர்சிங்தான் இருக்கு, போட்டுரவா?" என்றார்.

"போடுங்க சார்."

நர்ஸ் வேலை தெரியாமல் டாக்டராக முடியுமா? முதலில் அது, அப்புறம் இது. எனக்கு எல்லாமே சரியாகத்தான் பொருந்தி வந்தது. கிளார்க் மலர்கொடியின் மார்க்கை ஒருமுறை பார்த்தார், எங்கள் இருவரையும் பார்த்தார், முத்திரை குத்தினார். அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். எங்கள் மாதிரி ஆட்களுக்கு நர்சிங்கே அதிகம் என்று நினைத்திருப்பாரோ என்னவோ.

அதற்கப்புறம் இரண்டு வருடம் நான் செய்ததையெல்லாம் சொன்னால் பெருமையடிப்பது போலிருக்கும். பெருமைதான் பட்டேன். விடியற்காலை அவளுக்குக் கஞ்சி காய்ச்சி, ஏழு மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டுத்தான் பால்வாடிக்குப் போவேன். முதல் செட் என்பதால் புத்தகமே வந்து சேரவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் தனம் அக்காவிடம் ஒரு இங்கிலீஷ் புத்தகம் இருந்தது. அதை வாங்கி வந்து, மத்தியானம் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் பக்கம் பக்கமாக எழுதினேன். எலும்புக்கூட்டுப் படத்தை வரைந்து அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதினேன். அர்த்தம் தெரியாமலே கிளாவிக்கிள், ஸ்கேப்புலா என்று எனக்கு மனப்பாடமாகிவிட்டது. சாயங்காலம் அவள் ஒப்பிப்பாள், நான் நோட்டைப் பார்த்துக்கொண்டு திருத்துவேன். சில நாள் அவள் சரியாகச் சொன்னதையும் தப்பு என்று திருத்தியிருக்கிறேன். அவள் என்னை ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான்.

அவள் அப்போதெல்லாம் சிரிப்பதே குறைந்துபோயிருந்தது. படிக்கிற பிள்ளை, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

எண்பதில் ரிசல்ட் வந்தது. பள்ளியிலேயே அவள்தான் முதல். ஆயிரத்து இருநூறுக்குத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு. அப்பா அன்று குவாரிக்குப் போகவில்லை. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு தெருவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சும்மா நடந்தார்.

மருத்துவக் கல்லூரி விண்ணப்பம் வாங்க நானும் மலரும் தஞ்சாவூர் போனோம். வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றோம். கவுண்டரில் இருந்தவர் வயதானவர். மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது தொழிற்கல்விம்மா."

"ஆமாங்க சார். டாக்டருக்குத் தொழிற்கல்விதானே சார்?"

அவர் நல்ல மனுஷன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தும் என்னை விரட்டவில்லை. "பொதுக்கல்வியில பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி படிச்சவங்கதாம்மா இதுக்கு வரலாம். இந்த பாப்பா படிச்சது வேற. பிளஸ் டூ முடிச்சதும் கைவேலைக்குப் போறவங்களுக்குன்னு வச்சது. தட்டச்சு, தையல், நர்சிங் மாதிரி."

"ரெண்டுத்துக்கும் ஒரே பேருதானே சார் போட்டிருக்கு."

"பேரு ஒண்ணுதாம்மா" என்றார் அவர், தானே அதற்குப் பெயர் வைத்ததுபோலத் தலையைக் குனிந்துகொண்டு.

மறுபடி பிளஸ் ஒன்னிலிருந்து படிக்கலாமா என்று கேட்டேன். ஒருமுறை பாஸ் செய்தவர்களைச் சேர்க்கமாட்டார்கள் என்றார். அதற்குமேல் எனக்குக் கேட்கத் தெரியவில்லை. மலர் என் கையிலிருந்த மார்க் ஷீட்டை வாங்கி, மடித்து, பைக்குள் வைத்தாள்.

அரியலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். திருவையாறு தாண்டும்வரை அழுதேன். யார் பார்த்தால் என்ன என்றிருந்தது. கொள்ளிடம் பாலத்தில் பஸ் ஏறியது. கீழே ஒரே மணல், தண்ணீர் எங்கோ அந்தக் கரையோரம் கிடந்தது.

"எனக்குத் தெரியும்க்கா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"இது டாக்டருக்குப் போவாதுன்னு. சேந்து பத்து நாள்லயே டீச்சர் சொல்லிட்டாங்க. இன்னும் ரெண்டு நாளு டயம் இருக்கு, மாத்திக்கலாம், கையெழுத்துப் போட்டவங்கள கூட்டியான்னு சொன்னாங்க."

"சொல்ல வேண்டியதுதானேடி? நான் ஓடி வந்திருக்க மாட்டேனா?"

"சொல்லத்தான் வூட்டுக்கு வந்தேன். நீ எனக்கு வெள்ளைக் கோட்டு தச்சுகிட்டிருந்த. தெருவே வாசல்ல உக்காந்திருந்துச்சு. பொதுக்கல்வின்னா குமாஸ்தா வேலைக்கு, தொழிற்கல்வின்னா டாக்டருக்குன்னு நீ எல்லாருக்கும் வெளக்கம் சொல்லிகிட்டிருந்த. அப்பா நின்னு கேட்டுகிட்டிருந்தாரு." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அவ்வளவு பேரு முன்னாடி உனக்கு ஒண்ணும் தெரியலன்னு எப்படிக்கா சொல்றது? நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். மறுநாளும் அதேதான் பேசிகிட்டிருந்த. டயம் போயிடுச்சு."

"அப்புறம் எதுக்குடி அப்படி விழுந்து விழுந்து படிச்ச?"

"மார்க்கப் பாத்துட்டு ஒருவேளை டாக்டருக்குச் சேத்துக்குவாங்கன்னு."

கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டார். எடுத்துக் காட்டினேன். அவர் போனதும், "என்மேல கோவம் இல்லையா உனக்கு?" என்று கேட்டேன். இல்லையென்று சொல்வாள் என்று எதிர்பார்த்துத்தான் கேட்டேன். அந்த நேரத்திலும் எனக்கு அது வேண்டியிருந்தது.

"இருந்துச்சு. ரெண்டு வருசமும் இருந்துச்சு. நீ எலும்புப் பேரைத் தப்புத்தப்பா திருத்துறப்ப, ஓங்கி அறையணும்போல இருக்கும்."

திருமானூரில் நிறையப் பேர் ஏறினார்கள். பஸ் கீழப்பழுவூரில் எங்களை இறக்கிவிட்டது. அப்பாவிடம், இந்த வருடம் இடமில்லையாம் என்று நான்தான் சொன்னேன். அடுத்த வருசம் பாக்கலாம் என்றார் அவர். அடுத்த வருடமும் அப்படித்தான் சொல்லப்போகிறேன் என்று அப்போதே எனக்குத் தெரிந்தது.

ஜெயங்கொண்டத்தில் ஒரு நர்சிங் ஹோமில் மலருக்கு வேலை கிடைத்தது. அங்கேயே தங்கல். நான்கு மாதம் அவள் ஊருக்கு வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானே பார்க்கப் போனேன். பின்பக்கம் இருப்பதாகச் சொன்னார்கள். குழாயடியில் நீலப் புடவையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு கை கழுவிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். பேசமாட்டாளோ என்று பயந்துதான் நின்றேன். ஆனால் என்னைப் பார்த்ததும், எத்தனையோ நாளாக ஆள் தேடிக்கொண்டிருந்தவள்போலப் படபடவென்று ஆரம்பித்தாள்.

"காலைல ஒரு கேசுக்கா. பாவம், உடையார்பாளையத்துலேருந்து வண்டி கட்டி வந்தாங்க. புள்ள கால் பக்கமா வந்துடுச்சு. ஒரு கை மேல மாட்டிகிச்சு. இழுத்தா போச்சு. நான் வயித்த மேலேருந்து அமுக்கிப் புடிச்சிருந்தேன். தோளை இப்படி மெதுவாத் திருப்பி, ஒரு கை, அப்புறம் இன்னொரு கை, கடைசியா தலை. நீலமா இருந்துச்சு. அப்புறம் அழுதுச்சு பாரு. எடுத்துட்டோம்க்கா."

அவள் முகம் அப்படிப் பளிச்சென்று இருந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஈரக்கைகள் இரண்டும் அந்தக் குழந்தையைப் பிடித்திருந்த மாதிரியே நின்றன. உள்ளேயிருந்து யாரோ, "ஏம்மா, ரூம் கழுவலையா இன்னும்?" என்றார்கள்.

"டாக்டரம்மா எடுத்துட்டாங்க" என்றாள் மலர்.

குழாய்ப் பக்கம் திரும்பிச் சோப்பை எடுத்தாள். விரல் இடுக்கு, மணிக்கட்டு, முழங்கைவரை, பாடத்தில் படித்தபடி வரிசையாகத் தேய்த்தாள். நுரையெல்லாம் எப்போதோ போய்விட்டது. அவள் இன்னும் தண்ணீரில் கையை நீட்டிக்கொண்டே நின்றாள்.