கொக்கி வைத்த பனியன்

குளியலறைக்குள் தடாலென்று ஏதோ விழுந்தது. தையல் மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"என்னங்க, விழுந்துட்டீங்களா?"

"வாளிதாம்மா. நீ போய் வேலையைப் பாரு."

போகவில்லை. கதவில் காதை வைத்தாள். கணவன் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினான். போன வாரம் 'கம்பெனி பயிற்சி' என்று வெளியூர் போய் வந்ததிலிருந்தே ஆள் சரியில்லை. பக்கத்தில் போனால் விலகுகிறான். குடித்த டம்ளரைக்கூட நகர்த்தாத மனுஷன், தன் துணியைத் தானே துவைக்கிறான்!

காலையில்தான் ஜன்னல் திரைக்குப் பின்னால் அது சிக்கியது. இறுக்கமான பனியன். முன்பக்கம் நெடுக கொக்கிகள்.

அவளிடம் வேலைக்கு வந்து பட்டன்களுக்குக் காஜா எடுக்கும் அக்கா அதை விரித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கியிருந்தாள்.

"ஆம்பளை பனியனுக்கு எவன்டி கொக்கி வைப்பான்? சைஸைப் பாரு. நல்ல வாட்டசாட்டமான சக்களத்திதான்!"

அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாய் நின்றது. இன்றைக்கு இரண்டில் ஒன்று தெரிந்தாக வேண்டும்.

"திறக்கறீங்களா, உடைக்கட்டுமா?"

தோளில் துண்டைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தான். பனியனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"யாரோடது?"

"என்னோடது."

"எனக்கே காது குத்தறீங்களா? ஊருக்கெல்லாம் கொக்கி தைக்கறவ நான்!"

துண்டை வெடுக்கென்று இழுத்தாள். மஞ்சளும் ஊதாவுமாகக் கன்றிய மார்பு. இரண்டு காம்புகளுக்கும் கீழே பிறை வடிவில் தையல். விளக்கை அணைக்காமல் ஒருநாளும் சட்டையைக் கழற்றாதவன் தலை குனிந்து நின்றான்.

"நெஞ்சு பொம்பளை மாதிரி இருந்துச்சு. கொழுப்பை உறிஞ்சி, உள்ள இருந்த சுரப்பியையும் எடுத்துட்டாங்க. வீங்காம இருக்க அந்தப் பனியனைப் போடச் சொன்னாங்க."

"லூசா தை, லூசா தைன்னு இத்தனை வருஷமா உயிரை வாங்கினது இதுக்குத்தானா?"

துண்டை மெல்ல அவன் தோளில் மறுபடி போர்த்தினாள். ஆனாலும் சந்தேகம் விடவில்லை.

"ஆபரேஷன்னா துணைக்கு ஆள் வேணும்பாங்களே. எனக்குத் தெரியாம உங்ககூட வந்தவ எவ?"

அவன் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"உங்க அப்பாதான். அவரும் வாலிப வயசுல இதே ஆபரேஷன் பண்ணிக்கிட்டாராம். அத்தைக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாதாம்."