உதறாத மூட்டை

படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளைச் சூறாவளி பிடித்துக்கொண்டாள். எதிர்ப்புறத்து முனைகளை, மடிப்பு ஒரு நூலும் பிசகாததால் அளவுகோல் என்று பெயர் வாங்கியவள் பிடித்துக்கொண்டாள். இருவரும் முகம் கொடுத்துப் பேசி இருபத்திரண்டு நாள்கள் ஆகியிருந்தன. மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்குச் சண்டை புதிதன்று; சண்டையிட்டவர்களை ஒரே மேசையில் நிறுத்தி விரிப்பு மடிக்கச் செய்தால் தாமாகவே ராசியாகிவிடுவார்கள் என்ற மேலாளரின் யோசனைதான் புதிது. மடிக்கிறவர்கள் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தே தீரவேண்டும் அல்லவா? நடந்தார்கள்; ஆளுக்கொரு சுவரைப் பார்த்தபடி நடந்தார்கள்.

அழுக்கு மூட்டைகளைப் பிரித்து, ஒவ்வொரு துணியையும் உதறி, வெளுக்க அனுப்புவது சூறாவளியின் வேலையாக இருந்தது. கை வேகத்தால் வந்த பெயர் அது. அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருபத்திரண்டு நாள்களுக்கு முன் ஒருநாள் மூட்டைகள் கூரையைத் தொடுமளவு குவிந்துவிட்டன. ஒரே ஒரு மூட்டையை உதறாமல் தள்ளிவிட்டாள். அதனுள்ளிருந்த ஊசி, இயந்திரத்தில் துணி போட்டுக்கொண்டிருந்த அளவுகோலின் விரலில் ஏறியது. “உதறினியாடி?” என்று அவள் கேட்டபோது சுற்றிலும் பத்துப் பேர் நின்றார்கள். “உதறினேன்க்கா. அதுல ஊசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீங்க எங்க கையை விட்டீங்களோ!” என்று சூறாவளி சொல்லிவிட்டாள். பிறகு அந்தப் பொய்க்குச் சுவரெழுப்பி, கூரை வேய்ந்து, அதிலேயே குடியிருக்கவும் பழகிக்கொண்டாள்.

குற்றம் தன்னுடையது என்று தெரிந்திருந்தும் அவளுக்கு ஆத்திரம் தீரவில்லை. காரணம், அந்த முனைகள். மற்றவர்கள் மடிக்கும்போது முனைகளைக் கையோடு கை மாற்றிக்கொள்வார்கள். அளவுகோலோ அருகில் வந்து, முனைகளை மேசைமேல் வைத்துவிட்டுப் பின்வாங்குவாள். பிறகுதான் இவள் எடுக்கவேண்டும். என் கை பட்டால் ஒட்டிக்கொண்டுவிடுமாக்கும்!

“கையில குடுத்தா கிரீடம் இறங்கிடுமாக்கா?” என்று இப்போது வாய்விட்டே கேட்டாள்.

அளவுகோல் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். “உனக்கு வந்துடக் கூடாதேன்னுதான் கீழ வைக்கிறேன்.”

“என்ன வந்துடும்?”

“அந்த ஊசியை யாருக்குப் போட்டாங்களோ! என் ரத்தத்துல என்ன ஓடுதுன்னு எனக்கே தெரியாது. வீட்டுல தட்டு, டம்ளர் எல்லாம் தனியா வச்சிருக்கேன். சின்னவளைப் பக்கத்துல படுக்க விடுறதில்ல.”

“சோதிச்சுப் பாக்கலாமே?”

“ஊசி குத்துச்சுன்னு எழுத்துல இருந்தாத்தான் சோதிப்பாங்களாம். நீதான் ஊசியே இல்லைன்னுட்டியே.”

சூறாவளி கையிலிருந்த முனைகளை மேசைமேல் போட்டாள். அதற்குள் மேலாளர் அறையிலிருந்து அழைப்பு வந்தது.

மேசைமேல் தட்டச்சிட்ட தாள் ஒன்று இருந்தது. ‘இருதரப்பிலும் ஏற்பட்ட தவறான புரிதல் சுமுகமாகத் தீர்க்கப்பட்டது.’

“ஆளுக்கு ஒரு கையெழுத்து. அதோட இதை மறந்துடுங்க,” என்றார் மேலாளர். அளவுகோல் ஓய்ந்துபோன முகத்துடன் பேனாவை எடுத்தாள். சூறாவளி தாளை வெடுக்கென்று இழுத்தாள்.

“இதுல ஊசி எங்க சார்?”

“அது எதுக்கும்மா இப்ப? உன் நல்லதுக்குத்தான் விட்டிருக்கேன்.”

“தவறான புரிதல் ஒண்ணும் இல்ல சார். அவங்களுக்கும் புரிஞ்சுது, எனக்கும் புரிஞ்சுது. மூட்டையை நான் உதறல. உதறினேன்னு பொய் சொன்னேன். அவங்களுக்கு ஊசி குத்துச்சு. அதை எழுதுங்க.”

“எழுதினா உன் வேலைக்கு நான் பொறுப்பில்ல.”

“நீங்க எதுக்கும் பொறுப்பாக வேணாம் சார். நானே எழுதுறேன். முன்ன மூணு பேர் உதறின மூட்டையை இப்ப ஒருத்தி உதறுறான்னும் சேர்த்து எழுதுறேன்.”

தாளைப் புரட்டிப் போட்டு, நின்றபடியே எழுதத் தொடங்கினாள். மேலாளர் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார். அளவுகோல் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“இருபத்திரண்டு நாள்டி,” என்றாள் தணிந்த குரலில். சற்றுப் பொறுத்து, “வரி கோணுது. நேரா எழுது,” என்றாள்.

“மேலிடத்துக்கு அனுப்பினா என்ன ஆகும்னு தெரியுமில்ல?” என்றார் மேலாளர்.

“அதுக்குத்தானே சார் எழுதுறா,” என்ற அளவுகோல், இரண்டு கையெழுத்துகளும் விழுந்தபின், “நகல் ஒண்ணு குடுங்க,” என்று கையை நீட்டிக்கொண்டு நின்றாள். கிடைக்கும்வரை அந்தக் கையை மடக்கவில்லை. கிடைத்ததை விளிம்போடு விளிம்பு பிசகாமல் நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மேசைக்குத் திரும்பினார்கள். சூடாறாத விரிப்பு ஒன்று வந்தது. உதறி, இழுத்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தார்கள். அளவுகோல் வழக்கம்போல் முனைகளைக் கீழே வைக்கக் குனிந்தாள். சூறாவளி குனியவில்லை; இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து நீட்டியபடி நின்றாள்.

“எடுடி கையை.”

“மாட்டேன்.”

அளவுகோலின் கைகள் மேசைக்கு ஒரு சாண் உயரத்தில் நின்றன. இருவருக்கும் நடுவே விரிப்பு வெள்ளையாகத் தொங்கி, மெல்ல ஆவி விட்டுக்கொண்டிருந்தது.